சிறார் திருமணத்தைத் தடுக்க: 1098 அழைப்பா, நீதிமன்றத் தடையாணையா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு நாள் குறித்துவிட்டார்கள். யாரிடம் சொல்வது என்று தவிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு: ஒன்று, 1098 என்ற சிறார் உதவித் தொலைபேசி எண்; மற்றொன்று, திருமணத்தை நடத்தக் கூடாதென நீதிமன்றம் பிறப்பிக்கும் தடையாணை.

செலவு: 1098-ஐ அழைப்பது இலவசம். தடையாணைக்கு மனு, அலைச்சல், சில சமயம் வழக்கறிஞர்.

வேகம்: 1098 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும். நீதிமன்றம் மெதுவானது, ஆனால் அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலே நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) இடைக்காலத் தடை விதிக்கலாம்.

பிடிமானம்: பெரிய வேறுபாடு இங்கேதான். 1098 அழைப்பின் பேரில் அதிகாரிகள் வந்து, திருமணம் நடத்த மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனபின், வெளியூர்க் கோயிலில் விடியுமுன் தாலி கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் திருமணம் தானாக ரத்தாகாது. பெண்ணே பிறகு வழக்குப் போட வேண்டும். எவ்வளவு பெரிய கொடுமை! ஆனால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் தடையாணை இருந்தால், மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மீறும் ஆண்களுக்கு 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

முகூர்த்தம் நாளைக்கே என்றால் உடனே 1098. நாள் இருந்தும் குடும்பம் பிடிவாதமாக நின்றால், மாவட்ட சமூகநல அலுவலரை அணுகித் தடையாணைக்கு முயலுங்கள். விவரம் தெரிந்த எவரும் நடுவரிடம் நேரடியாகவும் புகார் தரலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை.