இரும்புக் கவசத்துக்கு எது பொருத்தம்: உளிக்கோடா, மெஸோடின்ட்டா?

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கவசம் பூண்ட ஒரு தளபதியைச் செப்புத் தகட்டில் கொண்டுவந்து காகிதத்தில் அச்சிட இரண்டு நல்ல வழிகள் இருந்தன. இரண்டிலும் தகட்டின் பள்ளங்களில் தங்கும் மைதான் காகிதத்தில் பதியும்.

ஒன்று, பியூரின் என்ற கூருளியால் கோடு கோடாகச் செதுக்குவது. பிரெஞ்சுக் கலைஞர் ரோபேர் நான்தெய் செதுக்கிய தளபதி டுரென் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கவசத்தின் வளைவோடு கோடுகளும் வளைகின்றன. உளி அழுந்திய இடத்தில் கோடு தடித்து நிழலாகிறது. தளர்ந்த இடத்தில் முடியிழையாக மெலிகிறது. வெளிச்சம் தெறிக்கும் இடத்தில் கோடே இல்லை, வெறும் காகிதம்தான். அந்த வெறுமைதான் இரும்பாக மினுங்குகிறது!

இன்னொரு வழியான மெஸோடின்ட்டில் வேலை தலைகீழ், இருளிலிருந்து வெளிச்சத்துக்கு. லுட்விக் ஃபான் சீகன் 1642-இல் தொடங்கிவைத்த முறை அது. பின்னாளில் அது முதிர்ந்தபோது, முதலில் தகடு முழுவதையும் பற்களுள்ள கருவியால் சொரசொரப்பாக்கினார்கள். அப்படியே அச்சிட்டால் கன்னங்கரேலென்று விழும். வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். வெல்வெட், தலைமுடி, இருளில் கரையும் தோள் எல்லாம் இதில் அள்ளும். தகடுதான் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

முகத்துக்கு மெஸோடின்ட்டை மனதார ஒப்புக்கொள்வேன். கவசத்துக்கு உளிதான். தோள்பட்டைத் தகட்டின் விளிம்பு கத்திபோல நிற்க வேண்டும். மெஸோடின்ட்டில் அது கொஞ்சம் புகைந்துவிடுகிறது.