கையில் பாஸ், ஏறுவதற்குத் தனிக் கட்டணம்

வரும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஐரோப்பா செல்லவிருக்கும் கோபிசெட்டிபாளையத்து நண்பர், "யூரெயில் பாஸ் வாங்கலாமுங்களா, இல்லை தனித்தனியாகச் சீட்டு எடுத்துக்கொள்வது நல்லதுங்களா?" என்று கேட்டிருந்தார். ஒரே பாஸில் 33 நாடுகளின் ரயில் பயணம் அடங்கும் என்பதும், பெரியவர் ஒருவருடன் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் வரை இலவசம் என்பதும் அவரே படித்து அறிந்தவை. படிக்கும்போது கண்ணில் படாமல் போவதும், பயணத்தில் ஒவ்வொரு முறையும் என் பொறுமையைச் சோதிப்பதும் இருக்கை முன்பதிவுதான்.

கோவையிலிருந்து சென்னைக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்தால், பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் அதே சீட்டில் வந்துவிடும். ஐரோப்பாவில் பாஸ் தருவது பயணம் செய்யும் உரிமையை மட்டுமே. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான பகல்நேர ரயில்களுக்கு அந்த உரிமையே போதும். ஆனால் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஆவே, லண்டனுக்குச் செல்லும் யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்களில் முன்பதிவு கட்டாயம். அதற்கான கட்டணம் ஆளுக்குச் சுமார் பத்து யூரோவில் தொடங்கி, யூரோஸ்டாரில் முப்பதுக்கு மேலும் போகும். பிள்ளைகளின் பாஸ் இலவசமாயினும் அவர்களுடைய இருக்கை இலவசமன்று. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் பந்தியில் இலைக்குக் காசு கேட்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டை நால்வர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், சில வழித்தடங்களில் முன்கூட்டியே எடுத்த சாதாரணச் சீட்டே மலிவாக இருக்கும்.

கட்டணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒதுக்கீட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாஸ் வைத்திருப்போருக்கென்று சில ரயில்களில் குறிப்பிட்ட அளவு இருக்கைகளே ஒதுக்கப்படுகின்றன. எல்லை தாண்டிச் செல்லும் அதிவேக ரயில் ஒன்றில் அந்த இடங்கள் தீர்ந்துவிட்டதாகத் திரை சொன்னபோது, அதே ரயிலில் முழுக் கட்டணச் சீட்டுகள் தாராளமாக விற்பனையில் இருந்தன. ஒதுக்கீடு நமக்குப் புதிதன்று. ஆனால் நம் ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். மே மாதத்தில் பிரான்சில் பொதுவிடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால், பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்லும் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

நியாயமாகப் பேசினால், முன்பதிவு கேட்காத நாடுகளில் இந்தப் பாஸுக்கு இணையில்லை. காலையில் மழை பெய்தால் மலைக்குப் போகாமல் வேறு ஊருக்குத் திரும்பிவிடலாம். செயலியில் பயணத்தைச் சேர்த்து, அந்த நாளைச் செயல்படுத்தி, பரிசோதகரிடம் கட்டக்குறியை (க்யூஆர் கோடை) காட்டினால் போதும். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைரயில் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அகன்ற கண்ணாடி கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் அதே தண்டவாளத்தில் ஓடும் உள்ளூர் ரயிலுக்கு இரண்டும் வேண்டியதில்லை, காட்சிகளும் அவையே. (மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பல்சக்கரத்தில் ஏறிப் பழகியவர்களுக்கு, பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் உயரத்துக்கு அந்த ரயில் ஏறுவது தனி வியப்பு. நம் மலைரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை.) நள்ளிரவுக்கு முன் கிளம்பி மறுநாள் சேரும் இரவு ரயிலுக்கு, ரயில் மாறாதவரை, பாஸில் உள்ள பயண நாள்களில் ஒன்றே கழியும் என்பதும் நல்ல விதிதான். ஆயினும் அதிலும் படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

நண்பர் அனுப்பிய பயணத்திட்டத்தில் பாரிஸ், மிலான், வெனிஸ், ரோம் ஆகியவை மட்டுமே இருந்ததால், பாஸ் வேண்டாம், தேதி உறுதியானதும் தனிச் சீட்டுகளை எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டேன். இவ்வளவு குறை சொன்ன நானோ, விலைத் தள்ளுபடி அறிவித்ததும் அடுத்த பயணத்துக்கான பாஸை வாங்கி வைத்திருக்கிறேன். 11 மாதங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற வசதிக்கு மனம் இளகிவிட்டது. இன்ஸ்ப்ரூக், சூரிக், சூர் என்று முன்பதிவு கேட்காத ஊர்களாகத் தேர்ந்திருக்கிறேன். பிள்ளைகளின் பிடிவாதத்தால் பாரிஸும் சேருமானால், அந்த ஒரு நாளைக்குப் பாஸைத் தொடாமல் சாதாரணச் சீட்டே எடுக்கப்போகிறேன்.