கொடிவழி தேடுவதற்கு எது நம்பகம்: ஆவணமா, உறவினர் நினைவா?

சென்னையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் பலவற்றில், தாத்தாவின் பெயரோடு வம்ச வரலாறு நின்றுவிடுகிறது. தர்ப்பணம் செய்யும் வீடுகளிலும் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் பெயர் சொல்வது வழக்கமில்லை. அதற்கு மேலே செல்ல விரும்புபவர் பழைய ஆவணங்களைத் தேட வேண்டும், அல்லது வயதான உறவினர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். என் குடும்பத்துக்காக இரண்டையும் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: நினைவில்தான் தொடங்க வேண்டும்.

எந்தப் பதிவேட்டைக் கேட்பதற்கும் முதலில் ஊரின் பெயர் தெரிய வேண்டும் என்பதே இதற்கு முதற்காரணம். பழைய பத்திரங்களில் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று இருக்கும் ஊர், 1997 பிரிவினைக்குப் பின் திருவள்ளூர் மாவட்டத்திலோ காஞ்சிபுரம் மாவட்டத்திலோ இருக்கலாம். 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானதால் குழப்பம் இன்னும் கூடியது. பூர்வீகக் கிராமத்தையும் தாலுகாவையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லாவிட்டால், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது என்பதே தெரியாது.

ஆவணங்களில் என் கணிப்பில் முதலிடம் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கே உரியது. ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அண்ணன் தம்பிகள் அனைவரையும் தகப்பன் பெயரோடு அது வரிசைப்படுத்திவிடுகிறது. சொத்து ‘பிதுரார்ஜிதம்’, அதாவது முன்னோர் வழி வந்தது, என்றால் பாட்டன் பெயரும் வந்துவிடுவதுண்டு. சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி விவரத்தில் பக்கத்து மனைக்காரராக வருபவர் பல சமயம் பங்காளியாகவே இருப்பார். எழும்பூரில் 1909இல் அமைந்த ஆவணக் காப்பகத்தை எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அங்குள்ளவற்றில் பெரும்பகுதி அரசு நிர்வாகக் கோப்புகள் என்பதால் சாதாரணக் குடும்பத்தின் பெயர் எளிதில் அகப்படாது. இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம், வைத்திருந்த குடும்பத்தின் நிலை வேறு: 1860களில் எழுதப்பட்ட இனாம் பதிவேடுகளில் முதலில் மானியம் பெற்றவர் தொடங்கி அன்றைய அனுபவதாரர் வரை விவரம் கிடைக்கக்கூடும். ஆனால் நிலமே இல்லாமல் கூலி வேலை செய்தவர்களைப் பற்றி இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. இந்தக் குறை என்னை மிகவும் வருத்துகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது, ஏனெனில் அந்தக் காலத்தில் வீடுவீடாக நிரப்பிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. பழைய பிறப்புப் பதிவுகளில் தகப்பன் பெயர் இருக்கும். குழந்தைக்கோ ‘ஆண்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போவதுண்டு.

ஆண்டு, தேதி என்று வந்தால் காகிதத்தையே நம்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொள்வது அக்காலத்தில் பரவலான வழக்கம். என் தாத்தாவின் பணிப்பதிவேட்டில் பிறந்த ஆண்டு 1917 என்றிருக்கிறது. புரசைவாக்கத்தில் இருந்த, தொண்ணூறு வயதைத் தாண்டிய என் அத்தைப்பாட்டியோ, “எம்டன் குண்டு போட்டப்போ அண்ணன் தவழுற குழந்தை, தூக்கிக்கிட்டு ஊருக்கு ஓடினோம்னு அம்மா சொல்லுவாங்க” என்றார். எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22. பிறகு ஒரு தகரப்பெட்டியில் கிடைத்த ஜாதகத்தில் ‘பிரமாதீச வருடம், மாசி மாதம்’ என்றிருந்தது, அதாவது 1914ஆம் ஆண்டின் தொடக்கம். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் என்பதால் ஜாதகத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. எம்டன்தான் அதை 1914இல் நிறுத்திவைத்தது.

பெயர்களிலும் நினைவே எனக்குக் கைகொடுத்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கமாதலால், முனுசாமி குமாரர் பொன்னுசாமி, பொன்னுசாமி குமாரர் முனுசாமி என்று பத்திரங்களில் அதே இரண்டு பெயர்கள் மாறிமாறி வரும். ‘நெட்டை முனுசாமி’ எவர், ‘கடைக்கார முனுசாமி’ எவர் என்பதைப் பிரித்துச் சொல்ல வீட்டுப் பெரியவர்களால்தான் முடியும். பெண்களைப் பொறுத்தவரை ஒப்பிடவே வேண்டியதில்லை. கொள்வினை கொடுப்பினையும் தாய்மாமன் சீரும் யார் எந்த வீட்டுப் பெண் என்பதை வைத்தே நடந்ததால், காகிதம் விட்டுவிட்ட கொள்ளுப்பாட்டிகளின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் கிழவிகள் பிசகாமல் வைத்திருக்கிறார்கள். குலதெய்வக் கோயிலில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டு இருந்தால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

நினைவு தடுமாறும் இடங்களும் உண்டு. ஒரு தலைமுறையைத் தாண்டிவிடும். இல்லாத ஜமீனைச் சேர்த்துக்கொள்ளும். மனத்தாங்கல் உள்ள கிளையைச் சொல்லாமலே விட்டுவிடும். கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள் என்றே அத்தைப்பாட்டி எப்போதும் சொல்லிவந்தார். நான் நகல் எடுத்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்காவதாக, மைனரான ஒரு மகனின் பெயர் இருந்தது. அதை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், அந்தப் பையனைப் பெற்ற இளைய தாரத்தின் பெயரையும், அவர் பிறந்த ஊர் அரக்கோணத்துக்கு அருகில் எங்கே என்பதையும் மெல்லச் சொன்னார். பத்திரத்தில் அந்தத் தாயின் பெயர் இல்லை.