மலையகத்திலிருந்து வளைகுடாவுக்கு: ஒரு வருடம் தாங்கிய சாமானும் தாங்காத சாமானும்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற மலையகத்து ஆட்களின் சூட்கேஸ் பெரும்பாலும் வெயிலை நினைத்துத்தான் அடுக்கப்படுகிறது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், அரைக்கை சேர்ட். வருடம் முடிந்து பார்த்தால் இதில் பாதி கட்டிலுக்கடியில் பிரிக்காமலே கிடக்கும். அங்கே ஆளை வாட்டுவது வெயிலைவிட வியர்வை, அதற்கடுத்தது ஏசி. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலோ அதற்குக் கீழே ஹட்டன், தலவாக்கலையிலோ வளர்ந்த உடம்பு வியர்த்துப் பழகியதில்லை. வளைகுடாவிலோ பகலெல்லாம் ஈர உடுப்பு, இரவெல்லாம் 20 பாகை ஏசி அறை. எந்தச் சாமான் பன்னிரண்டு மாதமும் உழைக்கிறது, எது நடுவழியில் கைவிடுகிறது, ஏன் என்பதுதான் இங்கே. தொழிலாளர் கேம்பில் தங்குகிறவர்களையும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. கம்பனி ஃபிளாட்டில் இருக்கப்போகிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதலில் நிறை. எத்தனை கிலோ என்று ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வதை விட்டு டிக்கட்டில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். 30 கிலோ தரும் விமானமும் உண்டு, 20 உம் உண்டு. கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ. வெறும் சூட்கேஸே 4, 5 கிலோ வரும். தொங்கு தராசு இல்லையென்றால் ஆள் நிற்கும் தராசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். கட்டுநாயக்கவில் வரிசைக்கு நடுவே தரையில் பெட்டியைப் பிரித்து மாசிக் கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் வெளியே எடுப்பதைப்போல் மானம்போகிற வேலை வேறில்லை.

அடுத்தது நம்ம பக்கத்துக்கே உரிய பிரச்சினை: ஈரம். மே முதல் செப்டம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் துணி காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே தொல்லை வருடக் கடைசியில். கைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும். தையலிலும் இடுப்புப் பட்டியிலும் ஈரம் நிற்கும். அதைப் பொலித்தீனில் கட்டி அடுக்கினால் போய்ச் சேர்ந்து திறக்கும்போது புழுங்கல் வாடை, நாலு நாள் தாமதமானால் கரும்புள்ளி. அந்தப் புள்ளி எந்த சோப்புக்கும் முழுதாகப் போகாது. பயணத்துக்கு முதல் நாள் எல்லாத் துணியையும் அயர்ன் பண்ணி, சூடு ஆறும்வரை விரித்துப் போட்டு, பிறகு துணிப்பையிலோ பழைய தலையணை உறையிலோ அடுக்குங்கள். அடுப்புக்கு மேலே காயப்போட்டதென்றால் புகைவாடை ஏறியிருக்கும். பூட்டிய அறையில் ஆறு பேருக்கு அது வாரக்கணக்கில் மணக்கும். சூட்கேஸையும் பரணிலிருந்து இறக்கி ஒரு வாரத்துக்கு முன்பே வெயில் காட்டி, உள்துணியில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். சிப் இறுகியிருந்தால் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

இனி உடுப்பு. "சூட்டுக்குப் பருத்திதான்" என்பது பாதி உண்மை. றியாத் போன்ற உள்நாட்டு வரண்ட ஊருக்கு அது சரி: வியர்வை உடனே காயும், பருத்தி உடம்பைக் குளிர வைக்கும். டோஹா, டுபாய், தம்மாம் போன்ற கடலோரத்தில் ஓகஸ்ட் மாதம் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை காயவே காயாது. அங்கே தடித்த பருத்தி டீசேர்ட் நனைந்து பாரமாகத் தொங்கும், முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், அக்குளில் துணி விறைத்து, துவைக்கத் துவைக்க நூல் இற்று, ஆறேழு மாதத்தில் கிழியும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த மெல்லிய துணி வருடத்தைத் தாண்டும். முழுப் பொலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்தாலும் வாடை பிடித்துக்கொள்ளும்; அறைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஹட்டன் டவுனில் வாங்கும்போது லேபலைப் பாருங்கள். லேபல் இல்லாத துணியென்றால் வீட்டில் இரண்டு சேர்ட்டில் அரைக் கோப்பைத் தண்ணீரை ஒரே அளவாக ஊற்றிப் பிழிந்து பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். முதலில் காய்வது வேலைக்கு, மற்றது அறைக்கு.

எண்ணிக்கை: வேலைக்கு மெல்லிய டீசேர்ட் 5, அதில் குறைந்தது இரண்டு முழுக்கை. வெளிவேலைக்கு முழுக்கைதான் நல்லது, தோல் வேகாது. அறைக்கு 3. சாரம் 3, ஒன்று குளியலறை வரிசைக்கே போய்விடும். உள்ளாடை 10, தொடைவரை நீண்டது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தொடையும் தொடையும் உரசிப் புண்ணாகி நடக்க முடியாமல் லீவு போடுகிற ஆட்கள் முதல் கோடையில் நிறைய. ஜீன்ஸ் ஒன்று போதும்; அரைக் கிலோவுக்கு மேல் நிறை, காய இரண்டு நாள். தடித்த பூந்துவாய் வேண்டவே வேண்டாம். இரண்டடுக்குக் கட்டிலின் கம்பியில், ஏசி அறையில், அது காயாது. மூன்றாம் நாள் நாறும். மெல்லிய பருத்தித் துவாய் இரண்டு, தலையிலும் கழுத்திலும் கட்ட ஒரு சால்வை. சால்வையை நனைத்துக் கழுத்தில் சுற்றினால் விலையுயர்ந்த தொப்பி எதுவும் கிட்ட வராது.

செருப்பில் ஒரு கதை உண்டு. நுரை மாதிரி பாரமில்லாத செருப்பை அறை வாசலில் வெயிலில் கழற்றிப் போட்டால், ஜூலை மாதத்துக்குள் சுருங்கி ஒரு சைஸ் சின்னதாகும், நுனி மேலே வளையும். அந்த நுரை சூட்டில் சுருங்கும் சாதி. அசல் இறப்பர் செருப்பு பாரம்தான், ஆனால் நிலைக்கும். சப்பாத்தில் பசையால் ஒட்டிய அடி, கொதிக்கும் தரையில் வாய் பிளக்கும். விளிம்பில் தையல் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஊரில் வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த புதுச் சப்பாத்தும் ஆபத்து: பொலியூரித்தேன் அடி ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய், நாலு நாள் நடந்ததும் பொடியாக உதிரும். பாதுகாப்புச் சப்பாத்து வேலைக்குக் கம்பனி தர வேண்டியது, கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பதில் காலுறை எட்டுச் சோடி, கழற்றிக் கழுவக்கூடிய உள்ளட்டை இரண்டு சோடி.

"பாலைவனத்துக்குக் கம்பளியா?" என்று சிரிப்பார்கள். தோட்டத்துக் கம்பளி வேண்டாம். ஆனால் ஒரு மெல்லிய போர்வையும் நுவரெலியா பேல் பஜாரில் கிடைக்கும் மெல்லிய ஃபிளீஸ் மேல்சட்டை ஒன்றும் கட்டாயம். ஏசியின் ரிமோட் யார் கையில் என்பதே அறைக்குள் பெரிய அரசியல், மேல் கட்டிலுக்கு நேரே காற்று வந்தால் விடியும்போது கழுத்துப் பிடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இரவில் உண்மையிலேயே குளிரும், குவைத்திலும் றியாத்திலும் நம்ம ஊர்க் குளிர்தான். தடித்த ஜெக்கட் இடத்தை அடைப்பதோடு சரி.

மருந்துப் பையில் முதலிடம் ஜீவனிக்கு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள். ஒரு பக்கட் ஒரு லீற்றர் தண்ணீருக்கு; பாதிப் பக்கட்டை ஒரு கிளாசில் கலக்கிக் குடிக்கக்கூடாது, உப்பு கூடிவிடும். முதல் மாதத்துக்கு 20 பக்கட். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும், விழுகிற ஆட்கள் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். வெளிவேலையென்றால் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. சிறுநீர் தேயிலைச் சாயத்தில் போனால் குடித்தது போதவில்லை. கோடையில் நண்பகலில் வெளிவேலைக்குச் சட்டத் தடை உண்டு: கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30, அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12.30 முதல் 3 மணி. இதைத் தெரிந்துவைத்திருப்பது சன்ஸ்கிரீனைவிட உதவும்.

தொடை இடுக்கில் வரும் படைக்கு வெறும் குளோட்ரிமசோல் 1% கிறீம் இரண்டு டியூப். அரிப்பு உடனே நிற்கும் என்று பாமசியில் தரும் ஸ்டீரொய்ட் கலந்த கிறீமை வாங்காதீர்கள். இரண்டு நாள் சுகம், பிறகு படை கரைகட்டிப் பரவும். குளோட்ரிமசோலைப் படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து பூச வேண்டும், பாதியில் விடுவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாமல், குளித்துத் துடைத்து உலர்ந்த தோலில் கொஞ்சமாகத் தூவுங்கள்.

பிரஷர், சீனி வியாதி உள்ளவர்கள் மூன்று மாத மருந்தைப் பிரிக்காத அட்டையில், ஆங்கிலத்தில் மருந்தின் பொதுப்பெயரோடு எழுதி டொக்டர் சீல் வைத்த துண்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். பிரஷருக்குச் சிறுநீர் போக வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சூட்டு ஊருக்குப் போவதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைக் கேட்பது அவசியம். ட்ரமடோல், கோடீன் கலந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை: அனுமதியில்லாமல் வைத்திருந்தால் அங்கே போதைப்பொருள் வழக்கு. "பக்கத்து வீட்டு அக்கா தந்த முதுகுவலி மாத்திரை" என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெற்றிலையும் பாக்கும் டுபாயில் தடை. லயத்துப் பெரியவர்கள் பழக்கத்தில் பையின் ஓரத்தில் செருகிவிடுவார்கள், தட்டிப் பாருங்கள். கசகசா எந்த நிறத்திலும் வேண்டாம்.

சாப்பாட்டுச் சாமானுக்கு 6 கிலோவுக்கு மேல் ஒதுக்காதீர்கள். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் மா எல்லாம் அங்கே மலிவு. ஊரிலிருந்தே போக வேண்டியவை மாசி, வறுத்த கறித்தூள், நல்ல தேயிலை. கோப்பைக்கு 2 கிராம் என்று பார்த்தால் ஒரு கிலோவில் 500 கோப்பை, நாளுக்கு இரண்டு குடிப்பவருக்கு எட்டு மாதம். பீஓபிஎஃப் என்கிற பொடி ரகம்தான் கேம்புக்குச் சரி. நிறம் சீக்கிரம் இறங்கும், கெண்டி தேவையில்லை. ஆனால் தேயிலை பக்கத்திலிருக்கும் வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கருவாட்டோடு ஒரே பெட்டியில் வைத்த தேயிலையில் இரண்டாம் வாரமே நெத்தலி மணக்கும். 250 கிராம் வீதம் நாலு பொதியாகப் பிரித்து, ஈயத்தாள் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, நாலையும் மூடி இறுகிய ரின்னுக்குள் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும். மாசியைத் துண்டாகவே கொண்டுபோனால் வருடம் நிற்கும். இடித்துக்கொண்டு போனால் மூன்று மாதத்தில் சிக்கு வாடை. கறித்தூளை வறுத்து நன்றாக ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும், சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும். தேங்காயெண்ணெய் போத்தலை முக்கால்தான் நிரப்பி, மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கி, பெட்டிக்குள் அனுப்புங்கள். 24 பாகைக்குக் கீழே உறையும், ஏசி அறையில் வெள்ளையாகக் கிடக்கும், கெட்டுப்போனதென்று வீசாதீர்கள்.

மின்சாதனத்தில் பெரிய சிக்கல் இல்லை. அங்கேயும் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்தான். பழைய லயத்து வீடுகளில் இன்னும் இருக்கும் உருண்டைமுனைச் சாதனத்தைக் கொண்டுபோனால்தான் தொல்லை. சவூதியில் 60 ஹேர்ட்ஸ்; ஃபோன் சார்ஜருக்குப் பாதிப்பில்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 எம்ஏஎச் என்றால் 74 வொட்-அவர், 100 எல்லைக்குள் வரும். வேலைத்தளத்துக் கொள்கலனுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ அதை விட்டுவைத்தால் வயிறு ஊதும், ஊதியதை மறுபடி சார்ஜ் போடக்கூடாது.

படிப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதையும் லெமினேட் பண்ணாதீர்கள். அத்தாட்சி முத்திரை குத்த முடியாமல் திருப்பிவிடுவார்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு இவற்றின் பிரதி இரண்டு செட்: ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில், படம் ஃபோனில். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் தூதரகத்தின் முழு இலக்கத்தையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் முழு இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி உள்ளாடைப் பைக்குள் ஒரு துண்டு வைத்திருப்பது நல்லது. ஃபோன் கையில் இல்லாத நாளும் வரலாம். அவர்களுக்கு இன்னும் இரண்டு: உள்ளே பருத்தி வைத்த இறப்பர்க் கையுறை மூன்று சோடி, ஈரத் தரையில் வழுக்காத அடியுள்ள செருப்பு. கழுவும் மருந்தில் கை வெடிப்பதுதான் அந்த வேலையின் முதல் நோய்.

பயண நாளன்று ஃபிளீஸையும் பாரமான சப்பாத்தையும் போட்டுக்கொண்டே பஸ் ஏறுங்கள். ஹட்டனில் விடியற்காலைக் குளிருக்கும் ஆகும், பெட்டியில் ஒன்றரைக் கிலோவும் மிச்சம். அவிசாவளை தாண்டியதும் வியர்க்கத் தொடங்கும், ஆனாலும் கழற்றிப் பெட்டிக்குள் திணிக்காமல் கையிலேயே வைத்திருங்கள், விமானத்துக்குள் திரும்பவும் தேவைப்படும்.