பூசான் கடலோர ரயில்: காப்ஸ்யூலுக்குக் காசு கொடுக்கலாமா?

சனி, ஞாயிறு இரண்டே நாளில் தென் கொரியத் துறைமுக நகரமான பூசானைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்களின் பட்டியலில் ஹேயுண்டே புளூலைன் பார்க் தவறாமல் இருக்கிறது. போகலாம், தப்பில்லை. ஆனால் எதில் ஏறுவது, எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்று யோசிக்காமல் போனால் காசும் போகும், அரை நாளும் போகும்.

கடலை ஒட்டி ஓடிய பழைய ரயில் பாதை இது. 2013 கடைசியில் ரயிலை உள்பக்கமாகப் புதுப் பாதைக்கு மாற்றிவிட்டார்கள். சும்மா கிடந்த 4.8 கிலோமீட்டர் தடத்தில், மிபோவிலிருந்து சோங்ஜோங் வரை, 2020 அக்டோபரில் சுற்றுலா வண்டி விட்டார்கள். தரையில் பேட்டரியில் ஓடும் பீச் டிரெயின். 7 முதல் 10 மீட்டர் உயரத்தில் தனித் தண்டவாளத்தில் நகரும் ஸ்கை காப்ஸ்யூல். இரண்டுக்கும் டிக்கெட் வேறு. காப்ஸ்யூல் முழு தூரமும் போகாது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. மிபோவுக்கும் சியோங்சாபோவுக்கும் நடுவே 2 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

அந்த 2 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் மனிதன் நடக்கிற வேகம். கீழே மரப்பலகை நடைபாதையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி போகிறவர் கூடவே வருவார், அதுவும் இலவசமாக! கட்டணம் ஆளுக்கு இல்லை, காப்ஸ்யூலுக்கு. ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ஒரே தொகை. மூன்று, நான்கு பேர் என்றால் கொஞ்சம்தான் கூடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நியாயமான விலை. கதவைச் சாத்தினால் சத்தமில்லை, குழந்தைகள் எட்டிப் பார்க்கலாம், வேறு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். தனியாகப் போகிறவருக்கு வீண் செலவு.

பீச் டிரெயினில் இருக்கைகள் கடலைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன. கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. டிக்கெட்டில்தான் கவனம் வேண்டும். ஒரு தடவை ஏறும் டிக்கெட்டை வாங்கிவிட்டு நடுவில் இறங்கினால் அதோடு சரி, மறுபடி ஏற முடியாது. இடையில் ஓரிடத்தில் இறங்கி ஏற இரண்டு தடவை டிக்கெட், எல்லா நிறுத்தத்திலும் இறங்க வேறு டிக்கெட் என்று இருக்கிறது. ஆனால் இறங்கிப் பார்க்க உருப்படியான நிறுத்தங்கள் இரண்டுதான்: சியோங்சாபோவும் தாரிட்டோல் பார்வை மேடையும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆகவே இரண்டு தடவை டிக்கெட்டே போதும்.

வார இறுதியில் மிபோவிலிருந்து கிளம்பும் காப்ஸ்யூல்தான் முதலில் தீர்ந்துபோகும். ஹேயுண்டே கடற்கரையின் கிழக்கு முனையிலேயே நிலையம் இருப்பதால் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யாமல் சனிக்கிழமை மதியம் கவுன்டருக்குப் போனால் மாலை நேரம்தான் கிடைக்கும், அல்லது அதுவும் கிடைக்காது. சியோங்சாபோவிலிருந்து மிபோவுக்கு வரும் எதிர்த் திசையில் நெருக்கடி குறைவு. போதாததற்கு, 411 மீட்டர் உயர எல்சிடி (LCT) அடுக்குமாடிக் கோபுரமும் ஹேயுண்டே கட்டடங்களும் எதிரே வளர்ந்துகொண்டே வரும் காட்சி இந்தத் திசையில்தான்.

அதனால் பாதையைத் தலைகீழாகப் போடுங்கள். காலையில் 181 பேருந்தில் ஹேதோங் யோங்குங்சா கோயில். 1376இல் நிறுவப்பட்டது, கடல் பாறை மேலேயே நிற்கிறது, 108 படி இறங்க வேண்டும் (திரும்பும்போது ஏறவும் வேண்டும், முட்டிவலிக்காரர்கள் கவனிக்க). பத்து மணிக்கு மேல் கூட்டம் அப்பிவிடும், முன்னாடியே போய்விடுவது நல்லது. அங்கிருந்து அதே பேருந்திலோ டாக்சியிலோ சோங்ஜோங். பீச் டிரெயினில் ஏறி தாரிட்டோல் மேடையில் இறங்குங்கள். கடலுக்கு 20 மீட்டர் மேலே கண்ணாடித் தரை, கட்டணம் இல்லை, செருப்புக்கு மேல் உறை மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். அங்கிருந்து சியோங்சாபோவுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் ரயிலுக்கு ஒரு தடவை டிக்கெட்டே போதும், இரண்டு தடவை டிக்கெட்டின் காசும் மிச்சம். பிறகு காப்ஸ்யூலில் மிபோ. வந்த வழியே திரும்பும் வேலை இல்லை.

சியோங்சாபோ துறைமுகத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கலங்கரை விளக்கம் நிற்கும். அழகுக்காக அடித்த வண்ணம் இல்லை. கொரிய முறைப்படி, துறைமுகத்துக்குள் வரும் படகுக்கு வலப்பக்கம் சிவப்பு. நம் ஊர்க் கடலில் இது நேர்மாறு. பக்கத்திலேயே சிப்பி சுட்டுத் தரும் கடைகள் வரிசையாக உண்டு. சைவர்களுக்கு இந்தக் கரையில் சாப்பாடு சிரமம்தான். காய்கறி சூப் என்று சொல்லித் தருவதிலும் நெத்திலி கொதித்த தண்ணீர் இருக்கும். பூசானின் பெயர்போன துவேஜி குக்பாப் என்ற சூப்புச் சோறு முழுக்கப் பன்றி இறைச்சி. கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

சூரியன் கடலில் மறையும் என்று நம்பி மாலை டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். தென்கிழக்கு பார்த்த கரை இது. சூரியன் ஊர்ப்பக்கம்தான் இறங்கும். காலையில் எதிர்வெயில், படம் கருப்படிக்கும். மதியத்துக்கு மேல் கடலின் நிறம் சரியாக விழும்.

சனிக்கிழமையே இதை முடித்தால் இரவில் குவாங்கல்லி கடற்கரைக்குப் போகலாம். ஹேயுண்டேயிலிருந்து மெட்ரோ 2ஆம் தடத்தில் குவாங்கன் நிலையம், ஆறாவது நிறுத்தம். சனிதோறும் டிரோன் காட்சி, மார்ச் முதல் செப்டம்பர் வரை 8 மணிக்கும் 10 மணிக்கும், குளிர்மாதங்களில் 7 மணிக்கும் 9 மணிக்கும். காற்றடித்தால் ரத்து. முதல் காட்சிக்குக் கூட்டம் பொங்கும், இரண்டாவதில் மணலில் உட்கார இடம் கிடைக்கும்.

காம்சியோன் வண்ண வீடுகளை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். அது நகரத்தின் மேற்கு மூலை, ஹேயுண்டேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெட்ரோ 1ஆம் தடத்தில் தோசோங் நிலையத்தில் இறங்கி சிற்றுந்து பிடிக்க வேண்டும். பூசான் ரயில் நிலையமும் அதே தடத்தில் இருப்பதால், பெட்டியை நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போய் வந்து அப்படியே ரயில் ஏறிவிடலாம். சியோலுக்கு கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். ஞாயிறு மாலை இருக்கைகள் சீக்கிரம் தீரும், போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.