குடியாத்தம் பக்கம் முதியோர் எழுத்தறிவு வகுப்பு: சேர்க்கலாமா?

தயங்காமல் சேர்க்கலாம். குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊர் அரசுப் பள்ளி மூலம் நடந்த வகுப்பில் என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், படித்து முடித்தார். வயது 58. பீடி சுற்றுகிறவர். அந்த வகுப்பில் எது நன்றாக இருந்தது, எது உடனே மாற வேண்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் 15 வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். கட்டணம் கிடையாது, புத்தகமும் இலவசம். மொத்தம் 200 மணி நேரப் பாடம். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50.

கற்றுக்கொடுத்த தன்னார்வலர் எங்கள் தெருப் பெண்தான், பி.எட். முடித்தவள். புத்தகத்தோடு நிற்காமல், பீடிக் கணக்கு நோட்டையே எடுத்துவரச் சொல்லி அதிலிருந்து எண்களைச் சொல்லித்தந்தாள். ஏஜெண்ட் எத்தனை பீடியைக் கழித்தார், எவ்வளவு கூலி எழுதினார் என்பது அத்தைக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. மூன்றாம் மாதம் அவரே கூட்டிப் பார்த்து, "நூறு குறையுதே அண்ணா" என்று கேட்டாராம். ஏஜெண்ட் திருத்தி எழுதிக்கொடுத்தார். இந்த ஒன்றுக்காகவே இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறைகளில் பெரியது நேரம். முதலில் மாலை நான்கு மணிக்கு வைத்தார்கள். சுற்றிய பீடியைக் கட்டி ஏஜெண்டிடம் ஒப்படைக்கிற நேரம் அது. யார் வருவார்கள்? வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதப்படுவது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பெண் இரவு எட்டு மணிக்கு மாற்றி, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் விளக்கு போட்டு உட்கார்ந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

இன்னொன்று கண்ணாடி. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. எழுத்து தெரியாதவர்களுக்கு அதுவரை அது தெரியவே வாய்ப்பில்லை. "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று நின்றுவிட்ட இருவருக்குக் குடியாத்தத்தில் கண்ணாடி வாங்கித் தந்ததும் அகர வரிசை தெளிவாகத் தெரிந்தது. வகுப்பு தொடங்குமுன்னே கண் பரிசோதனை வைத்தாக வேண்டும்.

ஆண்கள் ஒருவர்கூட வரவில்லை. மகள் வயதுப் பெண்ணிடம் படிக்கக் கூச்சம். ஆனாலும் எழுத்தறியாமையின் சுமை அதிகம் பெண்கள் மேல்தான் என்பதைக் கணக்கு சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் (ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிவதற்கு முன்) ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். பெண்களில் ஏறக்குறைய 72 பேர்தான். மாநில அளவில் நகரத்துப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 82, கிராமத்துப் பெண்களில் சுமார் 65. வேலூர் நகரத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பதினேழு பேர் யார் என்று திருமணமாகி இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தம்பியைத் தூக்கிக்கொள்ளவும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

தேர்வு முடிந்ததும் வகுப்பும் முடிந்துவிட்டது. அது எனக்கு ஏற்பில்லை. புதிதாகக் கற்ற எழுத்து படிக்காவிட்டால் மறந்துபோகும். நாங்கள் வீட்டில் நாளிதழ் போடச் சொல்லியிருக்கிறோம். அத்தை தலைப்புகளைச் சத்தமாகப் படிக்கிறார். பேரணாம்பட்டு பஸ்ஸா, வேலூர் பஸ்ஸா என்று இப்போது யாரையும் கேட்பதில்லை.

சேர்க்க நினைப்பவர்கள் உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெயர் கொடுக்கும்போதே, வேலைக்குப் போகும் பெண்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.