டிக்கோயாப் பக்கத்துச் சமையல் வகுப்பு: ஜாம், அச்சாறு போத்தலில் அடைக்கிற பாடத்துக்காகவே போகலாம்

ஹட்டனுக்குக் கிட்ட டிக்கோயாப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கிற ஆரோக்கிய சமையல் வகுப்பு எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்ததே நல்ல விஷயம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் வேறு எந்த நாளில் வருவது? சாமான் செலவுக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள், செய்ததில் ஒரு போத்தல் நமக்கு.

சத்துணவுப் பாடம் சுமார்தான். கொடுக்கிற தாளில் ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய் என்று என்னென்னவோ இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், விடிய முன்னே ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகிறவளுக்கு அது எதற்கு? ஆனால் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் டீச்சர் நன்றாகப் பேசுகிறார். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள், சம்பலுக்குத் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள் என்றார். தோட்டத்துக்குள்ளேயே நின்று தேத்தண்ணியைத் தள்ளி வை என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்! குரக்கன் மா கலந்து சுட்ட ரொட்டியும் நன்றாக இருந்தது.

சரி, போத்தலில் அடைக்கிற பாடத்துக்கு வருவோம். யூடியூப் பார்த்து ஜாம், அச்சாறு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94தான். ஆகவே மூடிய போத்தலைக் கொதிநீரில் 10 நிமிடம் வைக்கச் சொல்லும் கீழ்நாட்டுக் குறிப்பை இங்கே 20 நிமிடமாக்க வேண்டும், நுவரெலியாவில் 25. இதை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

கரட் விலை விழுந்து கிடந்த நேரம் என்பதால் ஓர் அக்கா, "உப்புத் தண்ணியில அவிச்சு அடைச்சு வைக்கலாம்தானே டீச்சர்?" என்று கேட்டார். கூடவே கூடாதாம். கரட், போஞ்சி மாதிரிப் புளிப்பில்லாத மரக்கறியில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாமல் இருந்து, காற்றுப் போகாத போத்தலுக்குள் நஞ்சை உண்டாக்கிவிடும், மணத்திலோ ருசியிலோ ஒன்றும் தெரியாமலே போகலாம். அதைக் கொல்ல 116 பாகைக்கு மேல் சூடேற்றும் தனி அழுத்தப் பாத்திரம் வேண்டும், நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நம்பி இறங்க வேண்டாம். வேண்டுமென்றால் 5 சதவீத வினாகிரியில், குறிப்பில் உள்ள அளவைக் குறைக்காமல், அச்சாறாகப் போடலாம். இதே கிருமிக்குப் பயந்து எண்ணெயில் ஊறிய வெள்ளைப்பூண்டையும் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கக் கூடாதாம், எங்கள் வரிசையில் பாதிப் பேர் முகம் மாறிப்போனது.

குறை என்றால் காய வைக்கிற பாடம். "மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தவும்" என்று தாளில் போட்டிருக்கிறது, ஜூலை மாதம் ஹட்டனில் அந்த வெயிலை எங்கே போய்த் தேடுவது? அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைப்பது சரியா என்று கேட்டதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. அப்புறம் நேரம். சொன்னதை விட ஒரு மணித்தியாலம் இழுக்கிறார்கள், மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்து இடையில் எழும்பிப் போக வேண்டியிருக்கிறது.

மரத்தக்காளி ஜாம் செய்கிற நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். போத்தல் பழையது என்றாலும் கழுவி வந்தால் போதும், மூடி மட்டும் புதிதாக வாங்கிப் போங்கள், பழைய மூடியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.